நிக்கல்னு மட்டும் சொல்லு

நிக்கல் என்ற சொல்லை முதலில் நான் நாய்களோடு சேர்த்துத்தான் கேட்டேன். வங்காளத்தில், டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் காவலுக்குப் பீகார்க்கார தர்வான் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். தெருநாய் உள்ளே நுழைந்தால் நிக்கல். மீன்காரி படிக்கட்டில் கூடையை இறக்கினால் நிக்கல். வெளியே போ என்பதற்கு இந்தி. அவர் வாயில் அது சொல்லாக இருக்காது, எறிகிற கல்லாக இருக்கும். கூடவே வலது கை முழங்கையிலிருந்து வீசும். அந்தக் கையையும் சேர்த்தே நாங்கள் குழந்தைகள் பழகி வைத்திருந்தோம்.

வீட்டுக்குள் அதே ஓசை தமிழாக இருந்தது. மழை நிக்கல, இருமல் நிக்கல, குழாய் சொட்டுறது நிக்கல. ஆடி மாதம் முழுக்க அம்மாவுக்கு இதே பாட்டு.

மூன்றாவதாக ஒரு நிக்கல் இருந்தது. யாரோ ஒரு விஞ்ஞானியின் பெயர். அவர் செய்த பட்டகத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அதை நான் தெரிந்துகொண்டபோது எனக்குப் பதினேழு வயது. தெரிந்திருக்க வேண்டிய நாளில் எட்டு.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. நீண்ட குழாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, அதற்குள் போகிற வெளிச்சம் எத்தனை பாகை திரும்புகிறது என்று அளக்க வேண்டும். "பாக்கறதுக்கே சம்பளமா? எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா இன்னும் கூடக் குடுப்பானா?" என்பார் அப்பா. சித்தியும் சேர்ந்து சிரிப்பாள். அது சிரிக்க முடிந்த காலம்.

அதே ஆய்வகத்தில் வங்காளிக்காரர் ஒருவர். அக்கம்பக்கத்து ஆண்களை எல்லாம் கூப்பிடுகிற மாதிரி அவரையும் காகு என்றுதான் கூப்பிட்டேன். காகு என்றால் சித்தப்பா. நான் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் சித்தி ஏன் குனிந்து புடவைத் தலைப்பில் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் என்று நான் யோசித்ததில்லை.

சரஸ்வதி பூஜையன்று கல்லூரிப் பிரசாதம் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு இரண்டு பித்தளைக் குழல்களை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக என் கண்ணில் வைத்தார். ஜன்னல் தெரிந்தது, ரயில் கம்பியில் ஒரு காக்கை தெரிந்தது. முன்குழலைத் திருப்பச் சொன்னார். திருப்பத் திருப்ப ஜன்னல் மங்கியது, காக்கை மங்கியது, கடைசியில் குழலுக்குள் கரிய இருட்டு.

"அணைஞ்சு போச்சு!" என்று அலறினேன்.

"அணையலே, குக்கி. குறுக்கே நிக்குது. இன்னும் திருப்பு." சித்தியிடம் கற்ற தமிழ். குக்கி மட்டும் வங்காளி, சின்னப் பெண் என்று அர்த்தம்.

திருப்பினேன். காக்கை அங்கேயே இருந்தது. நான் காக்கையைப் பார்த்தேன், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழலுக்குள் இருந்த பட்டகத்தின் பெயரை அவர்கள் அன்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள். பெரியவர்களின் இங்கிலீஷ் என் காதை உரசிக்கொண்டு போய்விடும். எனக்கு அது பித்தளைக் குழல்.

இரண்டும் தெளிந்த பளிங்குதான். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் ஒரு குறை இல்லை. குறுக்காக நின்றுவிட்டால் ஒரு துளி வெளிச்சம் தாண்டாது. எங்கள் வீடும் அப்படித்தான் ஆயிற்று. சித்தியின் புத்தகத்திலிருந்து காகு எழுதிய ஒரு சீட்டு விழுந்தது, அது அம்மா கையில் விழுந்தது. மறுநாளிலிருந்து சித்திக்கு ஆய்வகம் இல்லை. திருச்சியில் ஒரு ஜாதகம் பொருந்தியது. அந்த வங்காளி ஆள் வந்தால் வெளியே அனுப்பு என்று அப்பா தர்வானிடம் சொல்லிவைத்தார். அப்பா கெட்டவர் இல்லை. அம்மா ராத்திரியெல்லாம் அழுதாள்.

பின்னாளில் அம்மா சொல்லித்தான் மீதி தெரியும். காகுவுக்கு டில்லியில் வேலை கிடைத்திருந்தது. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்ச்சாரியில் வந்து நிற்பதாகச் சித்தியின் தோழி மூலம் சொல்லியனுப்பியிருந்தார். காத்திருக்கட்டுமா, மறந்துவிடட்டுமா? அவருக்கு ஒரு பதில் வேண்டும்.

அந்த ஞாயிறு தெருவில் முழங்கால் தண்ணீர். "மழையும் நிக்கல, தீப்பெட்டியும் நமுத்துப் போச்சு" என்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். நடையில் சித்தி என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"கீழே காகு நிப்பார். அவர்கிட்ட போய் நிக்கல்னு மட்டும் சொல்லு."

"வேற?"

"வேற ஒண்ணும் வேண்டாம். அவருக்குப் புரியும்."

சீட்டு என்றால் அகப்பட்டுவிடும். ஒற்றைச் சொல் என்றால் யாரும் பறிக்க முடியாது, பறித்தாலும் புரியாது. அணையவில்லை, குறுக்கே நிற்கிறது, இன்னும் திருப்பு என்ற அத்தனையையும் சித்தி அந்த ஒரு பெயருக்குள் வைத்து என்னிடம் கொடுத்தாள்.

அவர் மிட்டாய்க் கடைத் தாழ்வாரத்தில், மடக்கிய குடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து போய் எதிரே நின்றேன். வீட்டில் ஒரு வாரமாகக் கேட்டதெல்லாம் அந்த ஆளை வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான். அப்போ, சித்தியும் எங்கள் பக்கம் வந்துவிட்டாள்! ராத்திரி அவள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள் நான். அவளை யாரும் கொண்டுபோகப் போவதில்லை.

"நிக்கல்!" என்றேன். தர்வானின் குரலில். கையையும் வீசினேன்.

கையை வீசச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அவர் குடையைத் தரையில் ஊன்றினார். பிறகு குனிந்து, மெதுவாகக் கேட்டார். "யார் சொன்னது, குக்கி? அப்பாவா?"

"இல்லே, சித்தி."

"சித்தியேவா?"

"ஆமா. வேற ஒண்ணும் வேண்டாம்னா. உங்களுக்குப் புரியும்னா."

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் என் தலைமேல் கையை வைத்து எடுத்தார். மழைக்குள் இறங்கி ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்.

டில்லியிலிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரர் மணி அடித்தால் சித்தி கூடத்துக்கு வருவாள், எதற்கு வந்தோம் என்று மறந்தவள் மாதிரி திரும்பிப் போவாள். துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டும்வரை பார்த்தாள். அப்புறம் திருச்சிக்குச் சரி என்றாள். ஹௌராவில் வண்டி நகரும்போதுகூட என் தாடையைப் பிடித்து, "நான் சொன்ன மாதிரியேதானே சொன்னே?" என்று கேட்டாள். "அப்படியே சொன்னேன்" என்றேன், பெருமையாக.

ஒன்பது வருஷம் கழித்து என் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பித்தளைக் குழலைக் கையில் கொடுத்து அதன் பெயரைச் சொன்னார்கள். கண்ணில் வைத்தேன். திருப்பினேன். இருட்டியது. மேலே திருப்ப எனக்குக் கை வரவில்லை. சித்தியிடம் அதை நான் இன்றுவரை சொல்லவும் இல்லை.

ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது தபால்காரரின் மணியோ ஹௌராவோ இல்லை. அந்த ஞாயிறே, ஐந்து நிமிஷம் கழித்து. தீப்பெட்டியோடு மாடிக்கு ஓடுகிறேன். சித்தியின் ஜன்னல் ரயில் பாதைப் பக்கம், அவளால் தெருவைப் பார்க்க முடியாது. கதவருகே நிற்கிறாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. தலையைத் தடவிட்டுப் போயிட்டார். சித்தி, அவர் கையில குடை இருந்துது, விரிக்கவே இல்லை. நனைஞ்சுக்கிட்டே போனார்."

"விரிக்கலியா? பைத்தியம்," என்றாள் சித்தி. என்னை வாரித் தூக்கிக்கொண்டு, ஈரப் பாவாடையோடு ஒரு சுற்று சுற்றினாள். "புரிஞ்சுடுத்துடி, அவருக்குப் புரிஞ்சுடுத்து!" என்று என் கழுத்தில் முகத்தை வைத்துச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒருவரைத் துரத்திவிட்டதில் இத்தனை சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.