சிவக்காத ஸ்லைடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் கத்தியக்கா. இதய வால்வுத் துண்டுகளை மெழுகில் புதைத்து, மயிரிழையை விட மெல்லிய சீவல்களாக அரிவது அவர் வேலை. பக்கத்து மேசையில் அவற்றுக்குச் சாயம் போடுகிறவன் நான். அக்காவின் வாய்க்குப் பயந்துதான் அரியும் இயந்திரமே ஒழுங்காக ஓடுகிறது என்பது என் கட்சி.

வால்வில் உள்ள செல்களுக்குச் சில நேரம் ‘எலும்பாக மாறு’ என்று தப்பான சமிக்ஞை போய்விடுகிறது. அவையும் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுண்ணாம்பைச் சேர்க்க, வால்வு கல்லாகிறது. அந்தச் சமிக்ஞையை நடுவழியில் மறிக்கும் மருந்தைப் பேராசிரியர் சோதித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கணவருக்கும் அதே நோய். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்தில் வளர்த்த துண்டுகளுக்குச் சுண்ணாம்பைச் சிவப்பாகக் காட்டும் சாயம் போட்டேன். ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. பேராசிரியர் கைதட்டினார். நான் தலைகால் புரியாமல் குதித்தேன். அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்ல, கணவர் மறுநாளே அறுவையைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டார்.

வியாழன் காலை கத்தி மாற்றும்போது அக்கா அப்படியே நின்றுவிட்டார். கழற்றிய கத்தியில் இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. அதோடு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

“சார், திங்கக்கிழமை அந்தத் துண்டுங்கள அரியும்போது கத்தி கரகரன்னுது, இப்பப் பார்த்தா உடைஞ்சிருக்கு. முன்னாடி எலும்பு அரிஞ்ச பழக்கத்துல ஆசிட்ல ஊறப்போட்டு அரிஞ்சுட்டேன். வால்வுக்கு ஆசிட் கூடாதுன்னு தெரியும். தப்பு என்னுது. சுண்ணாம்பெல்லாம் ஆசிட்ல கரைஞ்சிருக்கும்.”

“இல்லம்மா, மருந்தே சுண்ணாம்பு சேராம தடுத்திருக்கலாமே?”

“மருந்து வேலை செஞ்சிருந்தா என் கத்தி ஏன் சார் உடையுது?”

வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு வராது. மீதியிருந்த துண்டுகளை ஆசிட் இல்லாமல், மூன்று கத்திகளைப் பலி கொடுத்து அரிந்தார். நான் சாயம் போட்டேன். அத்தனையும் சிவந்தன. எனக்கு அழுகை வந்தது.

அக்கா அங்கேயே நின்று கணவருக்குப் போன் போட்டார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

“ஆஸ்பத்திரியில பேசிட்டேங்க. பழைய தேதி இன்னும் இருக்காம். போயிடலாம்.”

“மருந்து வருதுன்னு நீதானே சொன்ன?”

“தப்பாச் சொல்லிட்டேன். மருந்து என்னிக்காவது வரும். அன்னிக்கு நீங்க இருக்கணும்.”

பிறகு அவர் கேட்டார்.

“காலைல எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?”