நெய்யாற்றில் ஓடக் கூடாது

இந்தக் கதை தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜனவரி சனிக்கிழமை நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தொன்று. பதினான்கு வருடமாக நீண்ட தூரம் ஓடிக்கொண்டிருந்தவன். வலது முட்டு மக்கர் பண்ணியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இப்படியே ரோட்டில் மட்டும் ஓடினால் ஒரு வருஷம்தான். நீச்சல், சைக்கிள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் செய்யும் பந்தயம் இருப்பது ஒரு வளைகுடா நண்பர் அனுப்பிய பத்திரிகையில் தெரிந்தது. சரி, இதுதான் நமக்கு என்று முடிவு செய்தேன். பயிற்சியின் முதல் நாள் திட்டம்: நெய்யாற்றைக் கடந்து திரும்புவது, முப்பது கிலோமீட்டர் சைக்கிள், எட்டு கிலோமீட்டர் ஓட்டம். முடியாவிட்டால் பந்தயத்துக்கே முழுக்கு. அப்படித்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தாள்.

சின்ன வயதில் குளத்தில் கைகால் அடித்ததோடு சரி. பனச்சமூட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நண்பன் ஸ்டீபன்தான் தைரியம் கொடுத்தான். "எலே மக்கா, நாப்பது கிலோமீட்டர் ஓடுதவனுக்கு ஆறு என்ன பெரிய காரியம்? மூச்சு உண்டுல்லா!" என்று ஒரு பழைய ஸ்கூட்டர் டியூபையும் தந்தான். மிதப்பதற்கு.

காலை 5.15-க்கு பாறசாலை வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். நெய்யாற்றங்கரை பத்து கிலோமீட்டர். டியூபில் பாதிக் காற்றடித்து, சக்கரத்தில் மாட்டிவிடக் கூடாதே என்று மாலை போலப் போட்டு மேலே சட்டையை மாட்டிக்கொண்டேன். தமிழ்நாடு-கேரள எல்லையில் பிறந்து வளர்ந்தவன் செய்யவே கூடாத தப்பு. ஸ்பிரிட் என்கிற எரிசாராயம் கடத்துகிறவர்கள் அதை டியூபில் நிரப்பி, இப்படித்தான் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வருவார்கள்.

5.50-க்கு வழியில் ஒரு சோதனைச் சாவடி. காவலர் கையைக் காட்டினார். என்னைவிடப் பத்து வயது சிறியவர், மீசை மட்டும் மூத்தது.

"இது எந்தாக்கும் சாதனம்?"

"டியூப் சார். உள்ள காத்து."

"காத்து ஆருக்குக் கொண்டு போறீரு?"

வால்வைப் பிடுங்கி மூக்கை வைத்தார். புஸ்ஸென்று எல்லாம் போயிற்று. ரப்பர் வாடைதான் வந்தது. அவருக்கு அது போதவில்லை. நான் விஷயத்தை விளக்கினேன். நீந்துவேன், சைக்கிள் மிதிப்பேன், அப்புறம் ஓடுவேன்.

"ஒரே நாளிலயா? ஆரு ஓய் விரட்டுதா?"

ஆறு மணிக்கு அவருக்குப் பணி முடிந்தது. வீடும் ஆற்றுப் பக்கம்தானாம். "நானும் வாறேன். நீரு நீந்துதத நான் பாக்கணும்" என்று தன் சைக்கிளை எடுத்தார். ஆக, காற்று போன டியூபோடும் ஒரு காவலரோடும் போய்ச் சேர்ந்தேன்.

6.25-க்கு ஆற்றில் இறங்கினேன். அகலம் அறுபது மீட்டர்தான் இருக்கும். மாரத்தான் ஓடின மூச்சு பதினைந்தாவது மீட்டரிலேயே காணாமல் போனது. ஓட்டக்காரன் கால் வேறு இரும்புக் கம்பி மாதிரி கீழே இழுக்கிறது. எப்படியோ ஒன்பது நிமிடத்தில் அக்கரை ஏறி, குடித்த தண்ணீரைக் கக்கினேன். பயந்துபோனேன், உண்மையைச் சொல்கிறேன். திரும்ப இறங்க மனமே இல்லை.

ஆனால் பாலம் தெரிந்தது. சுற்றி வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். செருப்பில்லை, இடுப்பில் ஈர நிக்கர். அதனாலென்ன, ஓட்டம் நம் சொத்தல்லவா? நாலு அடி வைத்தேன்.

"ஓய், ஓடாதேயும்!" நான் இறங்கின கரையிலிருந்து காவலர் கத்தினார். "ஓடினா நீரு கள்ளன்தான்!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடாதே என்று ஒருவர் சொல்லி நின்றேன். என் பக்கத்துப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி பொறுமையிழந்து எழுந்தாள்.

"அண்ணே, நீங்க தண்ணியிலயும் ஓடுதீங்க, அதான் தாழுதீங்க. மலந்து கெடந்து மெதுவா கைய வீசுங்க. தண்ணி தாங்கும்."

இறங்கினேன். மல்லாந்தேன். தாங்கியது. காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு மேலே வெள்ளையாக வானம். அவசரப்படாமல் கையை வீசினேன். பதினேழு நிமிடம் ஆனது. ஆமை கூட முந்தியிருக்கும். கரையில் தலை இடித்தபோதுதான் வந்துவிட்டது தெரிந்தது. காவலர் சிரிக்காமல் கைகொடுத்துத் தூக்கினார். "கடத்தலுக்கு நீரு கொள்ளாது" என்றார். லாயக்கில்லை என்று அர்த்தம். இன்றுவரை எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்களில் அதுவும் ஒன்று.

பக்கத்துக் கடையில் புட்டு, பயறு, பப்படம், இரண்டு டீ. ஆளுக்கு ஏழு ரூபாய், நான்தான் கொடுத்தேன். அங்கிருந்து பனச்சமூடு வழியாகப் பாறசாலைக்கு சைக்கிளில் 31 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வழியில் ஸ்டீபனைத் திட்ட ஐந்து நிமிடம். பிறகு கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கிடையே எட்டு கிலோமீட்டர் ஓட்டம். வழக்கமாக மூன்றாவது கிலோமீட்டரில் முட்டு ஊசி குத்தும். அன்று நாலு போனது, ஐந்து போனது, குத்தவில்லை. எட்டை முடித்து ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் வந்த ஒருவர், எனக்கு வேண்டியவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நின்று விசாரித்தார்.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழைக்காலத்தில் ஆற்றில் இறங்காதீர்கள். தனியாக எந்தக் காலத்திலும் வேண்டாம். புட்டு தின்றால் ஒரு மணி நேரம் கழித்து மிதியுங்கள். நான் பொறுக்கவில்லை, வழியில் வந்த ஏற்றத்தை மறக்க மாட்டேன். ஓட்டத்தில் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் அது தண்ணீருக்குத் தெரியாது. துவைக்கிற பெண் சொன்னாலும் கேளுங்கள்.

மறுவருடம் பந்தயத்துக்குப் போனேன். நீச்சலில் நான்தான் கடைசி. கரையேறியபோது நேரம் குறிப்பவர் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மறுபடி விரித்தார். சைக்கிளிலும் பெரிதாக யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது, ஓடாதே என்று சொல்ல அங்கே யாருமில்லை.