சின்னப் பானைகளும் கீழ் வீட்டு டீச்சரும்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, டிபன் முடிந்ததும் என் மனைவி ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?"

"கீழே டீச்சர் வீட்டுக்கு. மதியம் வந்துடுவேன். பசிச்சா ரசத்தைச் சூடு பண்ணிக்குங்க."

படூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. டீச்சர் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்பாக்கம் பக்கம் ஷிப்டில் உழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இருவரும் சேர்ந்து சின்னச் சின்ன மண்பானைகளுக்கு வண்ணம் தீட்ட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அது ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் தெரியும். வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் அது அவளுடைய முழு நாள் என்று புரிந்தது. ஓய்வு பெற்றதும் நாங்கள் இருவரும் சேர்ந்து காபி குடிப்போம், கோவளம் கடற்கரையில் காலாற நடப்போம் என்றெல்லாம் நான் நினைத்து வைத்திருந்தேன். அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பானைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. வாஷ்பேசின் பக்கத்தில் மஞ்சள் பானை ஒன்று, டூத் பிரஷ் வைக்க. கதவோரம் சாவிக்கு ஒன்று. அடுப்பு மேடையில் கரண்டிகள் நிற்க அகல வாய் வைத்த ஒன்று. பால்கனியில் குருவிக்குத் தண்ணீர். எதைப் பாராட்டினாலும் ஒரே பதில்தான் வரும்: "டீச்சர் ஐடியா."

டீச்சர் ஐடியா என்ற சொல்லே எனக்கு நெஞ்செரிச்சல் தர ஆரம்பித்தது.

ஒருநாள் உப்புப் பானையைப் பார்த்தேன். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, நீல வண்ணம் பக்கு பக்காக உரிந்து கிடந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, உப்பு கசிஞ்சு பெயிண்டே போச்சு. இது லாயக்கில்ல. பிளாஸ்டிக் டப்பாவே போதும்."

அவள் என்னோடு வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். பானையை எடுத்துக்கொண்டு நேராகக் கீழே போய்விட்டாள். வந்து சொன்னாள்: "உப்பைப் பழைய ஜாடிக்கே மாத்திடலாமாம். இதுல பூண்டு போட்டா காத்தாட இருக்குமாம், சீக்கிரம் முளைக்காதாம். தயிர்ப் பானைக்குக் கழுத்துல மட்டும் கோலம் போட்டுட்டு, வயித்தைச் சும்மா விட்டுடணுமாம். அப்போ உரியாது."

அந்த வாரம் புதுப் பானையில் உறைந்த தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. இரண்டாவது கரண்டி கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு, புதுப் பானைகள் வாங்க இருவரையும் மாமல்லபுரம் அழைத்துப்போனேன். கார் நான் ஓட்டினேன். என் மனைவி டீச்சரோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். முன்சீட்டில் என் பக்கத்தில் பானைக்கான அட்டைப்பெட்டி. திருப்போரூர் தாண்டும்போது அவள் பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது.

"இவருக்கு நைட் ஷிப்ட்னா நான் வீட்டுல எல்லா லைட்டையும் போட்டுட்டுத்தான் படுப்பேன். அவ்வளவு பயம் எனக்கு. காலைல இவர் வர்றதுக்குள்ள அணைச்சுடுவேன்."

"அடிப்பாவி, கரண்ட் பில்லு இன்னாத்துக்கு ஆவறது!" என்றார் டீச்சர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத ஒன்று, நேற்றுப் பழகிய ஒருத்தரின் கையில் இருந்தது.

கடையில் நான் வெயிலில் ஒதுங்கி நின்றேன். "இன்னா அண்ணாத்த, அங்கியே நின்னுகினு கீற? நீயும் ஒண்ணு எடு" என்றார் பானைக்காரர். ஒன்றை எடுத்து நீட்டினேன். என் மனைவி அதைத் தரையில் வைத்துப் பார்த்தாள். "அடி ஆடுதுங்க. வச்சிடுங்க" என்றாள். அவளுக்குத் தெரியாமல் அதைத் தனியாக வாங்கி டிக்கியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "லைட் போட்டுட்டுப் படுத்த விஷயத்தை என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலையே. வந்ததும் தூங்கிடுவீங்க" என்றாள், கோபமே இல்லாமல்.

மழைக்காலத்தில் டீச்சர் முட்டி ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். எனக்கு உள்ளுக்குள் விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. மாலையில் பால்கனியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஆசைப்பட்டது அதுதான். அவள் கண் மட்டும் கீழே, பூட்டியிருந்த அந்தக் கதவின் மேலேயே இருந்தது.

ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது டிக்கியிலிருந்த பானையை எடுத்து வந்தேன். அடியை உப்புத்தாளில் தேய்த்தேன். ஆட்டம் நின்றது. பச்சை அடித்து, மேலே மல்லிகைப் பூக்கள் என்று நினைத்து ஏதோ வரைந்தேன். திரும்பி வந்தவள் பார்த்தாள்.

"இது என்ன, இட்லியா?"

"மல்லிப்பூ. உனக்கு ஹேர்பின் போட்டு வைக்க."

வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்தது. அடியைத் தேய்த்ததை நான் சொன்னதும், போனை எடுத்துப் படம் பிடித்து, அதையும் சேர்த்து டீச்சருக்கு அனுப்பினாள். உடனே குரல் பதிவு வந்தது: "சூப்பரா கீதுன்னு சாருகிட்ட சொல்லு. உப்புத்தாள் தேய்க்க ஆள் தேடிகினு இருந்தோம், கிடைச்சாச்சு."

டீச்சர் திரும்பி வந்த அன்று என் மனைவி காபியைக்கூட முடிக்காமல் இறங்கினாள். வாசலில் நின்று, "வரீங்களா?" என்றாள். போனேன். இப்போது வாரத்தில் சில நாள் அந்த வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பானைகளின் அடியைத் தேய்த்துக் கொடுக்கிறேன். மேசையின் அந்தப் பக்கம் இருவரும் தாழ்ந்த குரலில் எதையோ பேசிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அப்போதெல்லாம் இன்னமும் எரியத்தான் செய்கிறது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்கிறேன். பாதி நாள் சொல்கிறாள்.