மேஸ்திரிக்கு ஒரு பிளான், ஆபீசருக்கு ஒரு பிளான்

போன செவ்வாய்க்கிழமை பெங்களூர் தொம்மலூரில் உள்ள எங்கள் ஆபீஸில் முனிரத்னத்தை வேலையை விட்டு அனுப்பினார்கள். பதினெட்டு வருடம் எங்களிடம் பிளான் வரைந்தவர். தப்பு செய்தது அவர் இல்லை. யார் என்று கடைசியில் சொல்கிறேனே... வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன் — நான்தான். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நியாயம் பேசும் இதே ஆர்க்கிடெக்ட்.

இந்த ஊரில் வீடு கட்டினால் பிளான் இரண்டு. ஒன்று கார்ப்பரேஷன் ஆபீசரிடம் அனுமதி வாங்க. பக்கத்துக் காம்பவுண்டுக்கு மூன்றடி இடம் விட்டு, உத்தமமாக இருக்கும். இன்னொன்று மேஸ்திரிக்கு. அதில் மூன்றடி ஓரடியாகிவிடும், பால்கனி தெருவுக்கே வந்துவிடும். கட்டுவது இரண்டாவதைத்தான். ஆபீசருக்குத் தெரியாதா? தெரியும். காகிதம் சுத்தமாக இருந்தால் அவருக்குப் போதும்.

இந்த வருடம் பாஸ் ஒரு புரோகிராம் வாங்கினார். செயற்கை அறிவாம்! பழைய பிளான்களை ஊட்டினால் அதுவே கற்றுக்கொண்டு, மனையின் அளவைச் சொன்னதும் புது பிளான் போடுமாம். ஊட்டும் வேலை எனக்கு.

"சார், ரெண்டு செட்டையும் பாத்து எடுங்க. நான் வேணா பிரிச்சுக் குடுக்கறேன்" என்றார் முனிரத்னம்.

ஒரு டிராஃப்ட்ஸ்மேன் எனக்குச் சொல்வதா? மேஸ்திரி செட்டில்தான் விவரம் அதிகம் இருந்தது. அதையே ஊட்டினேன்.

மெஷின் சமர்த்து. ஓரடி இடம்தான் முறை என்று கற்றுக்கொண்டது. முதல் பிளான் வந்ததும் முனிரத்னம் பார்க்கக் கேட்டார். "கம்ப்யூட்டர் போட்டதுல நீ என்னய்யா செக் பண்ணப் போறே?" என்று பாஸ் நேரே அனுமதிக்கு அனுப்பிவிட்டார்.

ஆபீசர் எங்களைக் கூப்பிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன்ரீ, நீங்களே இப்படி வரைஞ்சு குடுத்தா நான் எப்படிக் கண்ணை மூடறது? யார் தப்புன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா உங்க பழைய ஃபைலெல்லாம் தோண்டுவேன்."

யார் பெயரை எழுதுவது? மெஷின் மேல் பழி போட்டால் அதை வாங்கிய பாஸ் முட்டாளாவார்.

"பிளான் செட்டெல்லாம் யார் பொறுப்பு?" என்றார் பாஸ். முனிரத்னம் என்னைப் பார்த்தார். அந்தக் கடிதத்தில் பெயர் ஏறிவிட்டால் பெங்களூரில் எந்த ஆர்க்கிடெக்டும் அவரைச் சேர்க்க மாட்டார். எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் பெயரே போகட்டும் என்று விட்டேன். கடிதத்தை டைப் அடித்ததும் நானே.

பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் மேஜைப் பக்கம் நின்றார். "மிஷினுக்குப் பொய் சொல்ல வரலை சார், மாட்டிக்கிச்சு. உங்களுக்கு வருது."

வெட்கமாக இருக்கிறது. இயந்திரம் மனிதன் வேலையைப் பறிக்கிறது என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். பறித்தது இயந்திரமா? பாஸுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைக்கூட எழுதுகிறேன்.

இந்த வாரம் மெஷினுக்குச் சுத்தமான பிளான்களை ஊட்டிப் பொய் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் சரியான ஆள்தான்!