வெல்லவாயப் புல்வெளியில் நான் வெட்டிய கான்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. தெமோதரை ஸ்டேஷனில் அப்புத்தளைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கட் ஒன்று, ஒரு ரூபாய் ஐந்து சதம். கையில் ஒரு பை, தோளில் சாக்குச் சுற்றிய மம்பட்டி. பைக்குள், செல்லம், நீ கொடுத்துவிட்ட காலிப் பால் டின். “நம்ம புது ஊரு மண்ணு ஒரு டின் கொண்டாங்கப்பா” என்று நீ சொன்னாயே மகளே, அந்த டின்தான்.

நான் திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீயும் ராமுவும் கேட்கும்போதெல்லாம் வேறு பேச்சுப் பேசித் தப்பித்துக்கொண்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காமாட்சி அத்தையும் முத்தையா மாமாவும் மூன்று வருடமாக வெல்லவாயப் பக்கம் ஒரு புல்வெளியில் இருக்கிறார்கள். பதுளைக் கடைவீதி முதலாளி ஒருவருடைய பன்னிரண்டு ஏக்கர் அது. அவருடைய மாடுகளை மாமா பார்த்துக்கொள்கிறார். அத்தை தன்னுடைய இரண்டு பசுக்களையும் அதே புல்லில் மேய்த்துப் பால் விற்கிறாள். மழை பெய்தால் ரோட்டோரத்து இரண்டு ஏக்கரில் தண்ணீர் வடியாமல் நிற்குமாம். அதை வடிய வைத்துக் காட்டினால் அந்த இடத்தில் நாம் வீடு கட்டிப் பயிர் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பிரஜாவுரிமை இல்லாத நமக்கு அரசாங்கம் பகிரும் காணி கிடைக்காது. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவை விட்டுப் போக எனக்குத் தென்பட்ட ஒரே வழி இதுதான். தண்ணீரை வடிய வைப்பதுதானே? மழைத் தண்ணீர் தேயிலை மலையை அரிக்காமல் இறங்குவதற்கு இருபது வருடமாக வடிகால் கான் வெட்டுகிறவன் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

பத்தரை மணிக்கு பெரகல. அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் ஆறு மைல். சந்திக் கடையில் ஒரு பிளேன்டீயும் மாவு தூவிய ஒரு பணிசு ரொட்டியும் சாப்பிட்டேன். வெல்லவாய பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டர் மம்பட்டியைப் பார்த்தான்.

“மாமா, அது யாரு, புள்ளையா?”

“மம்பட்டிப்பா. அதுக்கும் டிக்கட் போடுவியா?”

“உக்காந்தா போடணும். நின்னுக்கிட்டு வந்தா சும்மா விட்டுருவேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் டிக்கட், தொண்ணூற்றைந்து சதம். இருபது மைலும் இறக்கம். கொஸ்லந்தையைத் தாண்டினால் தியலும நீர்வீழ்ச்சி ரோட்டோரத்திலேயே விழுகிறது. தேயிலை முடிந்தது, றப்பர் வந்தது, அதுவும் முடிந்தது. காது அடைத்துக்கொண்டது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன்.

ஒன்றேகால் மணிக்கு வெல்லவாய. அங்கிருந்து முத்தையா மச்சானோடு மூன்று மைல் நடை. பிள்ளைகளே, அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? சமதரை! நாம் பிறந்ததிலிருந்து ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்திலும் வைத்து நின்றவர்கள். அங்கே ராமு பந்தை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். முழங்கால் உயரத்துக்கு வெளுத்த புல், நடுநடுவே குட்டையான மரங்கள். புல்லைப் பிடுங்கினால் வேரில் சாம்பல் நிற மணல் உதிர்ந்தது. இவ்வளவு மணலில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நிலக்கடலை வரும் என்றுதான் நினைத்தேன்.

அத்தை சோறு போட்டுவிட்டு என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். பாய் அகலத்துக்கு ஓர் இடம் மொட்டையாகக் கிடந்தது. மேலே வெள்ளைப் பொருக்கு. ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி.

“கத்திரிக்கன்னு வெக்க முழங்கை ஆழம் தோண்டினேண்ணே. ரெண்டு வருசமாச்சு, புல்லுகூட மொளைக்கல. மேல ஒரு சாண் மணலு. அதுக்குக் கீழ போயிராதீங்க.”

பொருக்கை எடுத்து ஈரக் கையில் தேய்த்தேன். சவுக்காரம் மாதிரி வழுக்கியது.

“துணி வெளுக்க நல்லாத்தான் இருக்கு. செடிக்குத்தான் ஆகல” என்று சிரித்தாள்.

“தண்ணி தேங்கி அழுகியிருக்கும். கான் வெட்டினா சரியாப் போகும். நீ கொழுந்து பறிச்சவ காமாச்சி, நான் கான் வெட்டினவன்.”

“ஆமா, மலைக்கு வெட்டினவரு. இங்க மலை எங்கண்ணே இருக்கு?”

அவள் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதைத் தங்கச்சியின் வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே முளை அடித்து, கயிறு கட்டி, தோட்டத்தில் வெட்டுவது போலவே ஆரம்பித்தேன். அகலம் இரண்டடி, ஆழம் ஒன்றரை அடி. முதல் ஒரு சாண் மணல் வெண்ணெய் போல வெட்டுப்பட்டது. அதற்குக் கீழே மம்பட்டி ‘ணங்’ என்றது. மணலைக் கையால் வழித்துப் பார்த்தால், உச்சி உருண்ட களிமண் கட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மாவு தூவினாற்போல வெள்ளை. பெரகலையில் சாப்பிட்ட பணிசுதான் ஞாபகம் வந்தது.

“மச்சான், இது மண்ணா, பேக்கரியா?” என்றார் முத்தையா.

“அலவாங்கைக் கொண்டாங்க. சுட்ட பணிசா இருந்தாலும் ஒடைச்சிருவோம்.”

உடைத்தோம். இரும்பு அலவாங்கால் குத்தி, பெயர்த்து, புல்லும் மணலும் களியும் ஒன்றாகக் கரையில் எறிந்தோம். தோட்டத்தில் அப்படித்தானே செய்வோம். ஞாயிறு மத்தியானத்துக்குள் நூறு யார் நீளம் முடிந்தது. கயிறு பிடித்த மாதிரி நேரான கான். நம் தோட்டத்துத் துரை பார்த்திருந்தால் குறை சொல்ல ஓர் இடம் இருந்திருக்காது.

மூன்று மணிக்கு இடி. ஐப்பசி மழை ஒரு மணி நேரம் கொட்டியது. முதல் பத்து நிமிடம் தண்ணீர் கானில் இறங்கி ஓடியது. “பாத்தியா காமாச்சி!” என்று நான் நனைந்துகொண்டே கத்தினேன். பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. பால் கலந்த தேத்தண்ணீர் போல வந்தது. முந்தின நாள் அலவாங்குக்கே லேசில் அசையாத களி, தண்ணீர் பட்டதும் சீனி மாதிரிக் கரைந்தது. அடிக்களி கரையக் கரைய, மேலே இருந்த மணல் புல்லோடு பாளம் பாளமாகச் சரிந்து கானுக்குள் விழுந்தது. நான் குதித்து மம்பட்டியால் அணை போட்டேன். போட்ட அணையும் கரைந்தது. கானின் வாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் எங்கேயும் போகவில்லை.

திங்கள் காலை. இரண்டடிக் கான் எட்டடி அகலப் பள்ளமாகக் கிடந்தது. கரையில் போட்ட களி கூழாகி நல்ல புல்லின் மேல் படர்ந்திருந்தது. அத்தையின் பசுக்கள் மேயும் இடம் அது. சிவப்புப் பசு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அத்தை சேற்றில் குந்தி, சரிந்த புல் பாளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“மொதலாளி கேட்டா மழை அரிச்சிருச்சுன்னு சொல்லிருவோம் மச்சான்” என்றார் முத்தையா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். மாடு பார்க்கும் வேலை போனால் அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை.

மூடிவிடலாம் என்று மம்பட்டியை எடுத்தேன். வெட்டியதை மூடலாம் பிள்ளைகளே. ஆனால் கலந்துபோன மண்ணில் மணலைப் பிரித்து மேலேயும் களியைப் பிரித்துக் கீழேயும் போட எந்த மம்பட்டியாலும் முடியாது. அந்த ஒரு சாண் மணலில்தான் அந்தப் புல் இத்தனை காலம் பிழைத்திருந்தது.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே துணி துவைக்கும் கல் இரண்டு கிடந்தது. ஒன்று தேய்ந்தது, ஒன்று புதுசு.

“இது எதுக்கு ரெண்டு?”

அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணிக்குன்னு போட்டு வெச்சேன்.”

பதினொரு மணிக்குப் புறப்பட்டேன். “மம்பட்டிய வெச்சிட்டுப் போங்கண்ணே. அவருக்கு மூடுறதுக்கு வேணும்” என்றாள். கொடுத்துவிட்டேன். சரிந்த கரையிலிருந்து டின்னில் மண் அள்ளிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அதே கொண்டக்டர். “மாமா, ஒங்க புள்ளைய எங்க காணோம்?”

“காணியிலயே விட்டுட்டேன்.”

“அப்ப குடியேறிட்டீங்கன்னு சொல்லுங்க!”

நான் சிரிக்கவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்தவர் கவனித்தார். அரசாங்கக் காணிக் கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். டின்னைத் திறந்து காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“இது சோடியம் கூடின உவர் மண் கண்டியளோ. தண்ணி பட்டாக் கரையும், காஞ்சாக் கல்லாப் போகும். தண்ணி கீழ இறங்காது. ஜிப்சம் எண்டு ஒரு வெள்ளைக் கல்லுத் தூள் போட்டு வருசக்கணக்காத் திருத்த வேணும், கனக்கச் செலவு. வெட்ட முந்தி ஒருதரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னாங்கய்யா. என் தங்கச்சி சொன்னா.”

அவர் டின்னை மூடி என் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலில் இரண்டு கிளாஸ் வைத்தேனே, எதற்கென்று கேட்டீர்கள். ஒன்றில் நம் தேயிலை மலைச் சிவப்பு மண், ஒன்றில் அந்த மண். நம்முடையது சாயங்காலத்துக்குள் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. மற்றது ஒன்பது நாளாக அப்படியே கலங்கி நிற்கிறது. நம் மலையில் தெரிந்துகொண்டதை உலகத்து மண்ணுக்கெல்லாம் பொதுவென்று நினைத்துவிட்டேன்.

இன்று காலை, செல்லம், நீ அதைக் கொட்டப் போனாய். கொட்டாதே மகளே. ஞாயிற்றுக்கிழமை அதைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு பதுளைக்குப் போகிறேன். மழை அரிக்கவில்லை, முத்தையா வெட்டவில்லை, தங்கச்சி தடுத்தும் கேட்காமல் நான்தான் வெட்டினேன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். மண்ணைக் கண்ணால் பார்த்தால் அவர்களையாவது அங்கே இருக்க விடுவார். நமக்கு அந்த இடம் இனி இல்லை. அதைத்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

இன்னும் ஒன்று. கிணற்றடியில் கிடக்கும் அந்தப் புதுக் கல்லைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.