தைல மரத்துச் சருகு

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செண்பகம் போடும் மிளகாய் நாற்றுப் பாத்தி அதுவரை பொய்த்ததில்லை. எழுபத்தாறில் அவள் விதைத்துப் பதினைந்து நாளாகியும் ஒரு முளைகூட வராதபோது ஊரே கால்வாயைப் பார்த்தது. புதிய ரசாயனக் கம்பெனியின் கழிவு அதில்தான் கலந்தது. அவள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் பாத்தியும் முளைக்கவில்லை. ஊர்ப் பெரியவர் துளசிராமன் கலெக்டருக்கு மனு எழுதித் தரச் சொல்லி, ஊருக்கு எழுத்து வேலை பார்த்துவந்த என்னிடம் வந்தார். அமாவாசையன்று ஊர் கூடும்போது முதல் கைநாட்டு செண்பகம் வைக்க வேண்டும் என்றார்.

அவள் கணவர் பூவராகவன் அதே கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தார். அவள் பெயர் மனுவில் இருந்தால் அவருக்கு வேலை போய்விடும். இல்லாவிட்டால் கம்பெனிக்கு விலைபோனவள் என்று ஊர் பேசும்.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. விதைத்த பாத்தியை வைக்கோலால் மூடுவதுதான் வழக்கம். அந்த வருஷ வைக்கோல் மாட்டுக்கே போதவில்லை. ரயில் பாதையோரத்துத் தைல மரங்களின் சருகை அள்ளி வந்து மூடியிருந்தாள். அந்த வாசனைக்கு எறும்பு வந்து விதையை இழுத்துப்போகாது என்று நினைத்தாள். எறும்பும் வரவில்லை. அந்த மரங்களின் அடியில் புல்கூட முளைக்காததைப் பிறகுதான் கவனித்தாள்.

இரண்டு சட்டிகளில் விதை போட்டு, ஒன்றை வைக்கோலாலும் மற்றதைச் சருகாலும் மூடினாள். இரண்டுக்கும் கால்வாய்த் தண்ணீரையே ஊற்றினாள். காலையில் திறந்து பார்க்கும்போது எது முளைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள். ஒன்பதாம் நாள் வைக்கோல் சட்டி முளைத்தது. சருகுச் சட்டி அப்படியே கிடந்தது.

பூவராகவன் பார்த்தார். "கம்முனு இரு. கைநாட்டு மட்டும் வெக்காத."

"சின்னப்பொண்ணுக்கும் சருகு போடச் சொன்னது நாந்தான். மிச்சம் இருக்கிற வெதையப் போடறதுக்கு மறுபடியும் சருகு அள்ளிக்கினு இருக்கறா."

அமாவாசையன்று இரண்டு சட்டிகளையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னா செண்பகம், ஊட்டுக்காரரு பாடம் சொல்லி அனுப்பிச்சாரா?" என்றார் துளசிராமன். நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கால்வாய்த் தண்ணீரை மாடு மோந்துவிட்டுத் திரும்புவதற்கு என்ன சொல்கிறாய் என்று அவர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுண்ணா. எங்க ரெண்டு பேரு பாத்தியும் கெட்டது என்னாலதான்."

மனுவில் நாற்றைப் பற்றிய வரிகளை அடித்தேன். மாடுகளைப் பற்றியவை நின்றன. அவள் கைநாட்டை யாரும் கேட்கவில்லை.

சின்னப்பொண்ணு கடைசிவரை சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறும்பு வராதுன்னு சொன்னியேக்கா," என்றாள். பிறகு, "வைக்கோலுக்கு நான் எங்க போவேன்?"

அன்று பிற்பகல் செண்பகம் தன் மாட்டுக் கொட்டகைமேல் ஏறிக் கூரை வைக்கோலைப் பிடுங்கிப் போட்டாள். சின்னப்பொண்ணு கீழே நின்று வாரிக் கட்டினாள்.