அம்மா பிள்ளை சேர்க்கப் போன கோடை

அம்மாவோடு தெருவில் நடப்பதைப் போன்ற தொல்லை உலகத்தில் வேறில்லை என்று ஒன்பது வயதில் நினைத்திருந்தேன். ஒரகடம் பக்கம் எந்த நிறுத்தத்தில் நின்றாலும் யாராவது ஒருவர் "டீச்சர்!" என்று கத்திவிடுவார். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடும். தொழிற்சாலை வாசலில் இருக்கும் செக்யூரிட்டி எழுந்து நின்று சல்யூட் வைப்பார். அம்மா உடனே அவருடைய பெயர், அண்ணன் பெயர், எந்த வாய்ப்பாட்டில் அவர் திணறினார் என்பதுவரை சொல்வாள். மீசை வைத்த மனிதர்கள் நெளிவார்கள். அதற்குள் நாங்கள் ஏறவேண்டிய பஸ் போய்விடும்.

வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் அம்மா இருபத்து நான்கு வருடமாக வேலை பார்த்தாள். அவள் தலைமையாசிரியை, அவளுக்குக் கீழே ஒரே ஓர் ஆசிரியை. வயல்கள் கம்பெனிகளான பிறகு ஊர் வீடுகளுக்கு மாதச் சம்பளம் வந்தது. அதன் பின்னாலேயே தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்களும் வந்து, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பள்ளியை மூடிவிட்டு, இருப்பவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் அந்த மே மாதம் அம்மா குடையும் ஒரு நோட்டுமாக வீடு வீடாகப் போனாள். ஸ்ரீபெரும்புதூர் வீட்டில் பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் கூடவே போனேன்.

மூன்றாம் நாள் தேன்மொழி அக்காவின் வீட்டுக்குப் போனோம். அம்மாவின் பழைய மாணவி. சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர்! என்னிய ஞாபகம் இருக்குதா?"

"நீதான இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வயித்துவலின்னு படுத்துக்கினவ?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா விஷயத்துக்கு வந்தாள். "பாப்பாவ நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துடுடி. நான் பாத்துக்கறேன்."

"வேன் ஸ்கூல்ல போடலாம்னு இருந்தோம். நீங்க சொன்னா மறுபேச்சு இன்னா டீச்சர்?" என்றவள், ஏதாவது பேசவேண்டுமே என்று என் பக்கம் திரும்பினாள். "பாப்பா எந்த ஸ்கூலு?"

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தயாராக இருப்பேன். என் ஆங்கிலப் பள்ளியின் நீண்ட பெயரை ஒரே மூச்சில் சொன்னேன். டை கட்டிக்கொள்வோம் என்றும், தமிழில் பேசினால் ஃபைன் என்றும் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டேன்.

அக்கா "ஓ" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. உள்ளே போய்ச் சர்க்கரை தூக்கலாக இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தாள். "எங்க வூட்டுக்காரரையும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன் டீச்சர்" என்றாள். அம்மா டீயைக் குடித்து முடித்தாள், நோட்டைத் திறக்கவே இல்லை. அன்றைக்கு அதற்கப்புறம் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம்.

"இருபத்து நாலு வருஷமா நீ ஒழைக்கறது போதாதா? கொழந்தையையும் தூக்கிக் குடுக்கணுமா?" என்றார் அப்பா.

"ஊர்க் கொழந்தைங்கள எங்கிட்ட குடுங்கன்னு கேக்கறேனே, அது மட்டும் எப்படி?" என்றாள் அம்மா.

ஜூன் மாதம் நான் அம்மாவின் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்த தவறு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. முதல் மணி நேரத்திலேயே அவளை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன், வகுப்பே சிரித்தது. "இங்க டீச்சர்" என்றாள் அவள்.

இடைவேளையில் தேன்மொழி அக்கா தனியாகப் பள்ளி கேட் அருகே வந்து நின்றாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இங்கதான் படிக்கிறியா பாப்பா?"

"ஆமா." விசும்பிக்கொண்டே சொன்னேன்.

"தெனம் வருவியா?"

"வருவேன்."

கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலேயே போய்விட்டாள். மறுநாள் மகளோடு வந்தாள். அவள் பேச்சைக் கேட்டு, வாடகை அறைகளில் குடியிருந்த இரண்டு தென்மாவட்டத்துக் குடும்பங்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. பள்ளி அந்த வருடம் தப்பியது.

நானும் மெல்லப் பழகிவிட்டேன். வீட்டில் தொண்டை கட்டிப்போய்ச் சைகையிலேயே சாப்பிடக் கூப்பிடும் அம்மா, இங்கே எருமையாகக் கத்தினாள், ரயிலாகக் கூவினாள், பாட்டுக்கு ஆடினாள். எங்களுக்கு வந்து சேராத குரல் எங்கே செலவாகிறது என்று கண்டுபிடித்து, கொஞ்ச நாள் பொறாமையில் வெந்தேன். திருநெல்வேலிப் பையன் ஒருவன் அவளை "ஏ டீச்சர், இங்க வாங்களேம்" என்று உரிமையோடு கூப்பிடுவான், அவளும் ஓடுவாள்.

அந்த முதல் நாளில் என்மேல் இரக்கப்பட்டு விசாரித்த ஒரே ஆள் தேன்மொழி அக்காதான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றைத்தான் அவள் என்னிடம் கேட்டாள் என்பதோ, விசும்பலோடு நான் சொன்ன ஒரு "வருவேன்"ஐ நம்பி மகளின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.